கிட்டங்கி நாய்

“நீங்க வந்த பொறவு மாடு சாவுதா, மாடு சாவுததுனால நீங்க வாரீயளா?”

கான்சாபுரத்தில் ஒரு சின்னப் பெண் இப்படிக் கேட்டாள். வெக்கை நோயில் விழுந்த மாடுகளை ஊருக்கு வெளியே புதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, குறும்பு ஏதுமில்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டாள். அவளுடைய தாய் ஓடிவந்து வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். சத்தியநேசன் குழியின் பக்கம் திரும்பி, மண்ணைத் தள்ளச் சொன்னார்.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவுக்குச் சர்க்கார் நியமித்த மாட்டு டாக்டர். சென்னையில் கால்நடை வைத்தியம் கற்றுக்கொடுக்கும் கல்லூரி திறந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. அங்கே படித்துத் தேறி வந்த நாள் முதல் வெக்கையின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார். எந்த ஊருக்குப் போனாலும் நோய் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். ஊசி மருந்து வரும். பாதி மாடுகளுக்குப் போடுவதற்குள் தீர்ந்துவிடும். மீதி மாடுகளின் சொந்தக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். கிறிஸ்தவ வேதத்தில் நம்பிக்கையுள்ள மனிதர்தான். ஆனாலும் கொஞ்ச நாளாக ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தைக்கு முன் தூக்கம் வந்தது.

கான்சாபுரத்தில் வேலை முடிந்து, அடுத்தபடியாகச் செட்டியார்பட்டிக்குப் போக வண்டி ராஜபாளையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் மைதீன் பிச்சை. தாலுகாவில் அவருக்குத் தெரியாத தடமில்லை. அவர் பேசாத பேச்சுமில்லை.

“ஐயா, தூங்குதீயளா?”

“இல்ல, ராவுத்தரே.”

“தூங்குங்க. தூங்காட்டி நான் பேசுவேன். நான் பேசினா காளைக்கே அலுப்பு வருது, ஒங்களுக்கு வராதா?”

சத்தியநேசன் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் வழி அடைபட்டது. பஞ்சு மூட்டைகள் அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்றின் முன்னால் கூட்டம். சிலர் கையில் கம்பு, சிலர் கையில் கல். எதிர்வீட்டு மாடியில் தெலுங்கு பேசும் பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டே, “பிச்சி குக்க! பிச்சி குக்க!” என்று கத்தினார்கள். நாய்க்கு வெறி பிடித்துவிட்டது என்று தெலுங்கு தெரியாதவனுக்கும் புரிந்திருக்கும்.

கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை தங்கச்சாமி வண்டியை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்தார்.

“தெய்வமாப் பாத்து அனுப்பிச்சிருக்கு. உள்ள நாய்க்கு வெறி, ஐயா. வாயப் பெளந்துக்கிட்டு எச்சில் ஒழுக நிக்கி. மொதலாளி ஊருல இல்ல. அவிய வளக்குத வெள்ளை நாய் வம்சம் இது. சும்மா அடிச்சோம்னு வைங்க, வந்து எங்களக் கொன்னுபோடுவாவ. நீங்க ‘வெறிதான்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டீயன்னா சோலிய முடிச்சிருவோம்.”

ஒரு வார்த்தை. சொல்லிவிட்டு வண்டியில் சாய்ந்துகொள்ளலாம். நாய்க்கு வைத்தியம் பார்க்கச் சர்க்கார் அவரை அனுப்பவில்லை. குற்றம் சொல்லவும் ஆளில்லை. இவ்வளவையும் நினைத்துக்கொண்டேதான் சத்தியநேசன் வண்டியை விட்டு இறங்கினார். நல்ல மனதோடு இறங்கினார் என்று சொல்லமாட்டேன். கால் இறங்கியது, அவரும் கூடவே போனார்.

ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தார். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே, சுவரைப் பார்த்தபடி ஓர் ஆண் நாய் நின்றது. உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. கீழ்த்தாடை தொங்கிக் கிடந்தது. எச்சிலில் ரத்தம் கலந்திருந்தது. இடையிடையே முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டது.

கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் துரைமார் வீட்டு நாய்கள் வரும். வாய் மூடாமல் வந்த நாய் ஒன்றைக் காட்டி வாத்தியார் சொன்னது சத்தியநேசனுக்கு நினைவு வந்தது: ‘எலும்பு சிக்கியிருக்கிறது என்று நம்பிக் கையை விட்டுச் செத்தவர்கள் உண்டு. வெறியிலும் தாடை இப்படித்தான் தொங்கும். முதலில், வளர்த்தவரை அடையாளம் தெரிகிறதா என்று பார்.’

“யாரு வளக்கா?”

கூட்டம் ஒதுங்கி ஒரு பெண்ணைக் காட்டியது. இருளம்மாள். கிட்டங்கிக்கு ராக்காவல் அவள்தான். புருஷன் இறந்த பிறகு அந்த வேலையை அவளுக்குக் கொடுத்ததே இந்த நாயை நம்பித்தான். தன் நாய் முத்துவுக்கு எறும்பு நடந்தால்கூடக் காது கேட்கும் என்று அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஊரும் நம்பியது, திருடர்களும் நம்பினார்கள் போலிருக்கிறது, ஒரு பொதி பஞ்சுகூடக் களவு போனதில்லை.

“கூப்பிடும்மா” என்றார் சத்தியநேசன்.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு மெதுவாக, “முத்து…” என்றாள்.

“சத்தமாக் கூப்பிடுட்டி! ஒனக்கே கேக்கல!” என்றார் தங்கச்சாமி.

“முத்து! ஏ முத்து!”

நாய் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. காது மடல்கூட அசையவில்லை.

“பாத்தீயளா? சோறு போட்டவளையே தெரியல” என்று யாரோ சொன்னார்கள். மாடியில் ஒரு பெண் அழுதாள்.

சத்தியநேசன் கண்ணை மூடித் திறந்தார். கான்சாபுரத்துக் குழிகளோடு இன்னொன்று. “சரி” என்று சொல்லத் தொடங்கினார். கம்பு வைத்திருந்தவர்கள் கதவை நோக்கி நகர்ந்தார்கள்.

இருளம்மாள் ஓடிப்போய்க் கதவில் முதுகை வைத்து நின்றாள்.

“அதுக்குக் காது கேக்காது, ஐயா.”

“என்னது?”

“பொறந்ததுலருந்தே கேக்காது. பொட்டச் செவிடு.”

அந்தப் பக்கத்து வெள்ளை நாய்களில் இப்படி ஒன்றிரண்டு பிறப்பது உண்டு. கலப்பில்லாத வெள்ளைக்கு ஆசைப்பட்டு வெள்ளையோடு வெள்ளையைச் சேர்ப்பார்கள்; குட்டிக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்ததும் தண்ணீரில் போட்டுவிடுவார்கள், வம்சத்துக்குக் கெட்ட பேர் என்று. தண்ணீரில் போடச் சொல்லிக் கொடுத்த குட்டியைத்தான் இருளம்மாள் மடியில் மறைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வளர்ந்த பிறகு, வேறொரு ஈற்றில் மிஞ்சிய குட்டி என்று பொய் சொன்னாள். அந்தப் பொய்க்கு மேல் எறும்புக் காது என்று இன்னொரு பொய்.

அவள் கதவைத் திறந்து உள்ளே காலெடுத்து வைத்தாள். பலகைத் தரை. அது அதிரும்படி குதிகாலால் ஓங்கி மிதித்தாள்.

நாய் சடாரென்று திரும்பியது. அவளைப் பார்த்தது. தொங்கிய வாயோடு, வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவள் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டது.

வெளியே கம்புகள் தாழ்ந்தன.

ஆனால் வேலை அதோடு தீரவில்லை என்பது சத்தியநேசனுக்குத் தெரியும். வெறியின் தொடக்கத்தில் சில நாய்கள் வளர்த்தவர்களை மறப்பதில்லை. வாய்க்குள் கை விட்டுப் பார்த்தால்தான் உறுதி. வெறிநாயின் எச்சில் விரலில் ஒரு கீறல் வழியாக ஏறினால் போதும். அதற்கு மருந்து வடக்கே ஏதோ மலையில் இருப்பதாகக் கேள்வி. ரயிலேறிப் போய்ச் சேரும் வரைக்கும் உயிர் காத்திருக்க வேண்டும். வீட்டில் மனைவி அன்னத்தாய் அவருக்காகக் காத்திருப்பாள். அவர் தம் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டுக் கயிறு உராய்ந்த காயம் இடதுகையில் இருந்தது. வலதுகையில் ஒன்றுமில்லை.

“வாயத் தெறந்தபடி நிறுத்தணும். மேல்தாடைக்கு ஒரு துணி, கீழ்த்தாடைக்கு ஒண்ணு. என் பையில துணி எல்லாம் கான்சாபுரத்தோட தீந்துபோச்சு. நீளமா, கெட்டியா இருக்கணும். யாராவது…”

ஆளாளுக்குத் தோள் துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வெறிநாய் எச்சில் பட்ட துணியைப் பிறகு யார் உடுத்துவது?

மைதீன் பிச்சை பேசாமல் வண்டிக்குப் போனார். ஆசனப் பலகையின் அடியிலிருந்த மூட்டையை அவிழ்த்து, மடிப்புக் கலையாத ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

“ராவுத்தரே, இது…”

“துணிதான ஐயா. திரிச்சா கயிறு.”

மேல்தாடையில் வேட்டியின் ஒரு முனை, கீழ்த்தாடையில் மறுமுனை. இருளம்மாள் நாயின் உடம்பை மடியில் அணைத்துக்கொண்டாள். மைதீன் பிச்சை மண்டியிட்டு இரு முனைகளையும் இழுத்துப் பிடித்தார். எச்சில் அவர் முழங்கை வரை ஒழுகியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாரே தவிர பிடியை விடவில்லை.

‘ஆண்டவரே’ என்றார் சத்தியநேசன். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. குறட்டோடு வலதுகையை உள்ளே விட்டார்.

மேலண்ணத்தின் குறுக்கே, இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில், ஆப்பு அடித்ததுபோல் ஓர் ஆட்டெலும்பு. சதை வீங்கி அதை மூடப் பார்த்திருந்தது. முதல் இழுப்பில் குறடு வழுக்கியது. நாய் அலறித் துள்ளியது. “விடாதீய, விடாதீய” என்று இருளம்மாள் அழுதுகொண்டே சொன்னாள். பிறகு எலும்பை ஒரு பக்கமாகத் தள்ளி, நெம்பி எடுத்தார். தரையில் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

வாயைக் கழுவி மருந்து தடவிவிட்டு, “ஒரு சட்டியில தண்ணி வைங்க” என்றார்.

முத்து தண்ணீரை முகர்ந்தது. நக்கியது. பிறகு சட்டியே நகரும்படி குடித்தது.

வெறி பிடித்த நாயால் குடிக்க முடியாது என்று ஊருக்குத் தெரியும். மாடியில் அழுத பெண் இப்போது சிரித்தாள். தங்கச்சாமி மட்டும் தலையைச் சொறிந்துகொண்டார்.

“ஏட்டி இருளம்மா, அப்போ இம்புட்டு வருசமா செவிட்டு நாயா எங்க பஞ்சக் காத்துச்சு?”

“கள்ளனுக்கு அது தெரியாதுல்லா” என்றார் மைதீன் பிச்சை. கூட்டம் சிரித்தது.

“ஒமக்கென்னவே, நீரு வண்டியேறிப் போயிருவீரு. மொதலாளிக்கு நாந்தான பதில் சொல்லணும்? நாய்க்குக் காது கேக்கல. இவ தூங்கிட்டா?”

“நான் தூங்கினதில்ல, ஐயா” என்றாள் இருளம்மாள், நாயின் தலையைத் தடவியபடி. “அதுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியும்லா? பொறவு எப்படித் தூங்குவேன்? ஒரு ராத்திரிகூடத் தூங்கல.”

சத்தியநேசன் அவள் கண்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். அந்தச் சிவப்பு இன்றைய அழுகையில் வந்ததல்ல. உலகத்தில் தாம் ஒருவர்தான் களைத்திருப்பதாக வண்டியில் வரும்போது நினைத்துக்கொண்டதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது.

தங்கச்சாமி கையிலிருந்த கம்பைப் பார்த்தார். சுவரோரமாகச் சாத்தினார். “மொதலாளிகிட்ட நான் பேசிக்கிடுதேன். அவியளுக்குக் காவல்தான வேணும்” என்று சொல்லிவிட்டுக் கணக்கறைக்குள் போனார்.

செட்டியார்பட்டிச் சாலையில் கிணறும் புளியமரமும் இருந்த இடத்தில் மைதீன் பிச்சை வண்டியை நிறுத்தினார். வெயில் இன்னும் தணியவில்லை. மண்ணை அள்ளிக் கையிலும் முழங்கையிலும் தேய்த்து ஒருமுறை கழுவினார். பிறகு வெறும் தண்ணீரில் ஆறுமுறை.

“இதென்ன கணக்கு, ராவுத்தரே?”

“நாய் எச்சில் பட்டா எங்கள்ல இப்படித்தான், ஐயா. மண்ணோட ஒண்ணு, சேத்து ஏழு. எங்க அத்தா சொல்லிக் குடுத்தது.”

“துணிக்கும் அதேதானா?”

“துணிக்கும் அதேதான். அது கெடக்கட்டும், ஊருக்குப் போய்ப் பாத்துக்கிடலாம். நாளைக்குத் தொழுகைக்கு இந்தப் பழசோடயே போறேன். பள்ளிவாசல்ல பின்னால நின்னாப் போச்சு. மக நூர்னிசா பெருநாளைக்கு எடுத்துக் குடுத்த வேட்டி; வெள்ளிக்கெழமை தவிர உடுத்தினதில்ல. அவ கேட்டா ஏதாவது பொய் சொல்லிக்கிடலாம். இன்னைக்குத்தான் ஒருத்திகிட்டப் படிச்சிருக்கோமே.”

சிரித்துக்கொண்டே மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். சற்று நேரத்தில் குறட்டை வந்தது. காளைகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

சத்தியநேசன் சக்கரத்தடியில் சுருட்டிப் போட்டிருந்த வேட்டியை எடுத்தார். கிணற்று வாளி கனமாக இருந்தது. கைகள் அதைவிடக் கனமாக இருந்தன. மண்ணைக் கரைத்துத் துணி முழுக்கத் தேய்த்து அலசினார். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் இறைத்தார். நான்காவது முறையிலேயே துணி வெளுத்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். வேதக்காரன் கையால் கழுவினால் அவர்கள் முறைப்படி சேருமா, சேராதா என்றும் அவருக்குத் தெரியாது. ஏழும் முடித்தார்.

புளியங்கிளையில் விரித்துவிட்டு, காற்றில் தரையில் புரளாமல் கீழ்நுனியைக் கையில் பிடித்தபடி நின்றார். சாலையில் ஒருவரும் வரவில்லை. தூக்கம் வந்தது, நின்றபடியே ஒன்றிரண்டு முறை தலை சாய்ந்தது. துணி காய்ந்ததும் தட்டி, பழைய மடிப்புகளின் தடத்திலேயே மடித்தார். ஓரத்தில் நாயின் பல் கிழித்த சிறு ஓட்டை இருந்தது. அதை உள்பக்கமாகப் போகும்படி மடித்து, ஆசனப் பலகையின் அடியில் மூட்டைக்குள் வைத்து, முடிச்சை முன்பு இருந்தபடியே போட்டார்.

பிறகு வண்டியின் மறுபக்கத்து நிழலில் போய்ப் படுத்துக்கொண்டார்.