மாமி சொன்ன பதில்

ஷ்ரேயாவுக்கு ஒன்பது வாரம். அது கணவன் ப்ரஹ்லாதுக்குத் தெரியும், லேடி டாக்டருக்குத் தெரியும். ஒரே வீட்டில், ஒரே குக்கர் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாமியார் ஜெயலக்ஷ்மிக்கு மட்டும் தெரியாது. தெரியவே கூடாது என்று ஷ்ரேயா கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. போன வருஷம் நாள் தள்ளிப்போன மறுவாரமே, சந்தோஷம் தாங்காமல், இவளே எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். மாமியார் பாயசம் வைத்தாள். இரண்டாம் மாதக் கடைசியில் கலைந்துபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தபோது, கூடத்தில் ஜெயலக்ஷ்மி தன் தங்கையிடம் போனில் பேசியது காதில் விழுந்தது.

"மூணு மாசம் வாயை மூடிண்டு இருக்கத் தெரியலை. ஊரெல்லாம் தமுக்கடிச்சா எப்படிடி தங்கும்?"

குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை; பேரக்குழந்தை போன துக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சொன்னவள் அன்று சாயங்காலமே மறந்திருப்பாள். கேட்டவளுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

இந்தத் தடவை மறைப்பதில் ஒரு சங்கடம். அந்த வீட்டில் மாதத்தில் மூன்று நாள் மருமகள் மாடி அறையில் ஒதுங்கி உட்கார வேண்டும். தொண்ணூற்றெட்டாம் வருஷத்துப் பெங்களூரில், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற மருமகளுக்கும் அதில் சலுகை கிடையாது. உட்காராவிட்டால் சேதி தானாக வெளியே வந்துவிடும். அதனால் போன மாதமும் இந்த மாதமும் ஷ்ரேயா பொய்யாகவே ஒதுங்கி உட்கார்ந்தாள். ஜெயலக்ஷ்மி முட்டி வலியோடு படியேறி வந்து சாதத் தட்டை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். அதைப் பார்க்க ஷ்ரேயாவுக்கு அழுகை வந்தது. அப்போதும் சொல்லவில்லை.

பிறகு இடுப்பு வலி ஆரம்பித்தது. அதை மறைக்க முடியவில்லை.

"நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்? சனிக்கிழமை என்னோட சரசுகிட்ட வா," என்றாள் ஜெயலக்ஷ்மி. பிரியமாகத்தான் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல ஷ்ரேயாவுக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

ஜோகுபாளையத்தில் தன் வீட்டு முன்னறையிலேயே சரசு பெண்களுக்கு மசாஜ் செய்துவந்தாள். முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் உதவியாளராக இருந்தவள். நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் யார் மேலும் கை வைக்க மாட்டாள். ஒருத்திக்கு விரித்த துணி வெந்நீரில் கொதிக்காமல் இன்னொருத்திக்கு வராது. கிண்ணத்தில் மிஞ்சிய எண்ணெய் திரும்பப் பாட்டிலுக்குள் போகாது. ஆபரேஷன் தியேட்டர் தோற்றுவிடும் என்று ஜெயலக்ஷ்மி எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொள்வாள், ஏதோ அந்தச் சுத்தத்தைத் தானே கற்றுக்கொடுத்த மாதிரி.

ஷ்ரேயா கட்டிலில் உட்கார்ந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் மாமியார்.

"பிபி, சுகர் ஏதாச்சும் இருக்குதாம்மா?" என்று சரசு கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை," என்று திரைக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

"ஆபரேஷன் எதுனா?"

"இல்லை."

"தலைக்குக் குளிச்சு எத்தினி நாளாச்சு?" நாள் தள்ளியிருக்கிறதா என்பதைச் சரசு இப்படித்தான் கேட்பாள்.

"போன வாரம்தான் மூணு நாள் தூரமா இருந்தா. நான்தானே மாடிக்குச் சாதம் கொண்டுபோய்க் குடுத்தேன்."

மாமி பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைச் சொன்னாள். சரசு ஷ்ரேயாவின் முகத்தைப் பார்த்தாள். ஷ்ரேயா 'ம்' என்று தலையை ஆட்டினாள்.

குப்புறப் படுத்தபோது நல்லெண்ணெய் வாசனை குமட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். முதுகோடு போகட்டும், முதுகோடு போகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தாள்.

முதுகோடு போகவில்லை. மூலையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே உட்கார்ந்து கதவை மூடினால் தலை மட்டும் வெளியே நிற்கும். பக்கத்தில் கேஸ் அடுப்பில் குக்கர் கொதிக்க, அதிலிருந்து குழாய் வழியாகப் பெட்டிக்குள் ஆவி போய்க்கொண்டிருந்தது.

"நன்னா வேர்க்கட்டும் சரசு. இடுப்புப் பிடிப்பு விட்டுடும்," என்றாள் ஜெயலக்ஷ்மி.

உடம்பு சூடேறக் கூடாது, வெந்நீர்கூட மிதமாகத்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மயக்கம் வருகிறது என்று சொல்லலாமா? ஏன் மயக்கம் என்று மாமியார் கேட்பாள். ஷ்ரேயா ஒரு காலைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தாள். ஆவி முழங்காலைத் தொட்டது. சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள்.

சரசு அவளை வெளியே இழுத்து ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு கேஸை அணைத்தாள்.

"மாமி, ஸ்வல்ப நேரம் வெளிய இருங்க."

"எதுக்கு?"

"இருங்க மாமி."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சரசு குனிந்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"எத்தினி மாசம்?"

"ஒம்பது வாரம்."

சரசு ஸ்டூலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தப்பு என்னுது கண்ணு. கூட வந்தவங்கள வெளிய அனுப்பிட்டுத்தான் கேக்கறது வழக்கம். மாமியைப் போயி எப்பிடி எழுந்திருக்கச் சொல்றதுன்னு வுட்டுட்டேன்." பிறகு கேட்டாள்: "நீயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா தங்காதுன்னு சொன்னா."

"யாரு?"

"அவரோட அம்மா. போன தடவை, போன்ல."

திரை விலகியிருந்தது. ஜெயலக்ஷ்மி வாசலோடு நின்றுவிட்டிருந்தாள், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மரப்பெட்டியின் இடுக்குகளில் இன்னும் ஆவி கசிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

"நானே கையைப் பிடிச்சு அழைச்சுண்டு வந்து இதுல உக்கார வெச்சிருப்பேனே," என்றாள். "என்னண்ட சொல்லப் பயந்துண்டு, இதுக்குள்ள காலை வெச்சுட்டியேடி."

ஷ்ரேயா முதல் தடவையாக மாமியாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஆமாம்மா. மறுபடியும் அந்த வார்த்தையைக் கேக்கறதுக்குப் பதிலா, இதுலயே உக்காந்துடலாம்னு ஒரு நிமிஷம் தோணித்து."

ஜெயலக்ஷ்மி அலமாரியிலிருந்து வெளுத்த துண்டு ஒன்றை உருவினாள். வலிக்கிற முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்து, ஆவி பட்டு ஈரமாயிருந்த மருமகளின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் துடைத்தாள். ஷ்ரேயா பதறிக் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். மாமியார் விடவில்லை.