புல்தரையில் உட்கார்ந்தவர்கள்

சிங்காநல்லூரை ஒட்டிய கருணாம்பிகை நகர்ப் பூங்கா, தன்மேல் கிடப்பதையெல்லாம் விழுங்கத் தொடங்கியது 2022 ஆவணி மாதத்தில். அதற்கு நகரின் நலச்சங்கத்தார்தான் காரணம். வேறு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஞாயிறுதோறும் காலை ஆறரைக்குக் கையுறையும் சாக்குமாக வந்து குப்பை பொறுக்கி, பூங்காவைத் துடைத்த தட்டுப்போல் வைத்திருந்தார்கள். பார்வையிட ஓர் அதிகாரி வருகிறார் என்றதும் பதறிப்போனார்கள். குப்பையே இல்லாத இடத்தில் எதைப் பொறுக்கிக் காட்டுவது, போட்டோவுக்கு எப்படி நிற்பது? சங்கத் தலைவர் மோகன்குமார், பம்புசெட் பட்டறைக்காரர், சந்தைக்குப் பின்னாலிருந்து இரண்டு மூட்டைக் குப்பையை ஆட்டோவில் கொண்டுவந்து புல்தரையில் பரப்பினார். அதிகாரி வந்தார், பொறுக்கினார்கள், போட்டோவும் நன்றாகவே வந்தது. கொட்டியதும் இவர்கள்தான், பொறுக்கியதும் இவர்கள்தான் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பூங்கா, இனி இந்த ஆட்களை நம்பிப் புண்ணியமில்லை என்று வேலையைத் தானே எடுத்துக்கொண்டது.

முதல் வாரம் மிட்டாய்த் தாளும் டீ கப்பும் கிரிக்கெட் பந்தும் புல்லுக்குள் இறங்கின. ரங்கம்மாள் கழற்றிவிட்ட செருப்பு இறங்கியபோதுதான் எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள். "அய்யோ, அது எம்பட செருப்புங்க!" என்று அவர் கத்தியதும் மண் அதைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் அழகிரிசாமி. சவாசனத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தவர் காதுவரைக்கும் போய்விட்டார். "நான் அழகிரிசாமிங்க" என்று அவரே சொல்லியும் செல்லுபடியாகவில்லை. நடைபாதையிலிருந்து மனைவி ஓடிவந்து, "எங்க ஊட்டுக்காரருங்க!" என்ற பிறகே மேலே வந்தார். நின்றால், நடந்தால் பயமில்லை. உட்கார்ந்தாலோ படுத்தாலோ, சொந்தமுள்ளவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். விழுங்க விழுங்க அதற்குப் பசி கூடுவது கண்கூடாகத் தெரிந்ததால், அது எடுக்குமுன் நாம் எடுத்துவிட வேண்டும் என்று நடுங்கிக்கொண்டே எல்லோரும் ஞாயிறு தவறாமல் வந்தார்கள். அத்தனை பேர் அதுவரை வந்ததே கிடையாது.

மோகன்குமாரின் ஒரே மகள், அடுத்த தெருவில் குடியிருந்த லோகப்பிரியாவும் வந்தாள். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் கிறிஸ்டோவை அவள் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டபோது, "எனக்குப் புள்ளையே கெடையாதுங்க" என்று சங்கக் கூட்டத்தில் மைக்கிலேயே சொன்னவர் மோகன்குமார். அதன்பின் இரண்டு வருடமாக அப்பா கிழக்கு மூலையில் பொறுக்கினால் மகள் மேற்கு மூலையில் பொறுக்குவாள். தைப் பொங்கல் கழிந்த ஞாயிறு, ஒரு கப்பை எடுக்கக் குனிந்தவள் பனியில் வழுக்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மடித்த கால் உடனே மறைந்தது. அவள் அலறிய அலறல் மெயின் ரோடுவரை கேட்டது. அம்மா அன்றைக்குப் பார்த்து கொடுமுடிக் கோயிலுக்குப் போயிருந்தார். கிறிஸ்டோ தறிச் சத்தத்தில் போனை எடுக்கவில்லை. "நம்ம புள்ளதானுங்க, நம்ம புள்ளதானுங்க" என்று ரங்கம்மாள் கையைப் பிடித்து இழுத்தார். மண் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இடுப்பும் போயிற்று.

"ஏனுங்க தலைவரே, கல்லாட்ட நிக்கறீங்களே! புள்ள போயிருமுங்க!" என்று ரங்கம்மாள் கத்தினார்.

மோகன்குமார் சுற்றுமுற்றும் பார்த்தார். சுற்றி நின்ற நாற்பது பேரில் பாதிப்பேர் அவர் சாதிசனம். "தெரிஞ்ச புள்ளைங்க" என்றார். நெஞ்சுவரை இறங்கியது. "எங்க சொந்தத்துல ஒரு புள்ளைங்க" என்றார். கழுத்தும் போயிற்று. லோகப்பிரியா அலறுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் அவர் மண்ணைவிட அதிகம் பயந்தார். "எம்பட புள்ளைங்க! நான் பெத்த புள்ளைங்க! உட்டுருங்க சாமீ!" என்று நடைபாதையில் விழுந்து கும்பிட்டார். மண் விட்டது. அவள் சேற்றைத் தட்டிவிட்டு, சாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு மோகன்குமார் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு அதே இடத்தில் தானாகவே போய் உட்கார்ந்தார். அவர் மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தார். சொல்லுங்க என்று கூட்டம் அந்த அம்மாவிடம் கெஞ்சியபோது, "புள்ள சொல்லட்டுமுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றுவிட்டார். லோகப்பிரியா மேற்கு மூலையில் கடைசித் தாள்வரை பொறுக்கினாள், மூட்டையைக் கட்டினாள், மெதுவாக நடந்து வந்தாள். அதற்குள் மோவாய் தரையில் பட்டுவிட்டது. மோகன்குமாருக்கு மூச்சு முட்டியது, கண்ணிலிருந்து நீர் ஓடியது, ஆனாலும் கூப்பிடவில்லை. அவள் நின்று பார்த்தாள். "எங்கப்பாதானுங்க" என்றாள்.

அதற்கடுத்த ஞாயிறும் அவர் உட்கார்ந்தார். இப்போது சங்கத்தின் நோட்டீஸ் போர்டிலேயே எழுதியிருக்கிறது: ஆறரைக்குச் சாக்கு வழங்குதல், ஏழரைக்குத் தலைவர் உட்காருதல், அதன்பின் டீ. முதல் வருடம் கழுத்துக்கு வந்த பிறகுதான் அவள் சொல்வாள். மறுவருடம் நெஞ்சுக்கு வரும்போது. போன ஞாயிறு, அவர் கால் மறையுமுன்பே சொல்லிவிட்டாள்.