மிச்ச எண்ணெய்

குள்ளம்மாள் உள்ளங்கையில் எண்ணெயை வார்த்து, இரண்டு கைகளையும் சூடு வரத் தேய்த்து, நாகம்மாளின் முட்டியில் வைத்தாள். பெங்களூரில் இருந்த மகன் வைத்தியரிடம் சொல்லிக் காய்ச்சி அனுப்பிய எண்ணெய் அது. யுத்தம் வந்து, தலைக்கு வைக்க எண்ணெய் இல்லாமல் மாரண்டஹள்ளியே பரட்டைத் தலையோடு திரிந்த காலம். இந்த வீட்டில் முட்டிக்குக் கிண்ணம் நிறைய எண்ணெய்.

"இன்னும் கொஞ்சம் அழுத்து," என்றாள் நாகம்மாள்.

பிளேக் வந்த வருஷம் இருவரும் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். நாகம்மாள் வில்வண்டியில் வந்தாள், குள்ளம்மாள் புருஷன் பின்னால் நடந்து வந்தாள். தை மாதம் வரை நீட்ட முடியாமல் கிடந்த நாகம்மாளின் கால், இப்போது தினமும் கோயிலைச் சுற்றி வருகிறது. அதை நடக்க வைத்தது தன் கைதான் என்று நினைத்தால் குள்ளம்மாளுக்கு வயிறு எரிந்தது. மடக்கி நீட்டினால் அந்த முட்டியில் சத்தமே இல்லை. அவளுடைய முட்டியோ எழுந்தாலும் உட்கார்ந்தாலும் கரகரவென்றது.

ஆடியில் விதைத்த கேழ்வரகுக்குக் களையெடுப்பு வரப்போகிறது. குந்தி உட்கார்ந்து நகர முடியாதவளை யாரும் களைக்குக் கூப்பிடுவதில்லை. போன வருஷமே அவளை வரப்பிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருஷமும் அனுப்பினால் தை வரை கஞ்சிக்கு வழியில்லை.

கையில் ஒட்டிய எண்ணெயைக்கூட நாகம்மாளின் பாதத்திலேயே வழித்துவிட வேண்டும், அது அந்த வீட்டுச் சட்டம். ஒருநாள் அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் குள்ளம்மாள் தன் முட்டியில் தடவிக்கொண்டாள். அன்று ஏரிக்கரையில் எங்கும் உட்காராமல் வீடு போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு நாகம்மாள் கண்ணயரவே இல்லை. வலி விட்டதும் பகல் தூக்கமும் விட்டுவிட்டது.

இன்று கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிஞ்சியது. குள்ளம்மாள் வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"அம்மா, இந்த மிச்சத்த நான் வழிச்சுக்கட்டுங்களா? எனக்கும் முட்டி புடிச்சுக்கிட்டு வூட்டுல எந்திரிக்கவே முடியலைங்க."

நாகம்மாள் கோபப்படவில்லை. சிரித்தாள்.

"உனக்கு எதுக்குடி எண்ணெ? உக்காந்தே கெடக்கறவளுக்குத்தான் இந்த நோவு. உன்னுது ஓடியாடி வேலை செய்யிற ஒடம்பு. நல்லா நட, தானாச் சரியாப் போயிரும்."

வாசலில் வண்டிக்கார மாது வந்து நின்றான்.

"வலது பக்கத்து மாடு காலைத் தாங்கித் தாங்கி நடக்குதுங்கம்மா. முன்னங்கால் முட்டி வீங்கியிருக்குது."

"அய்யோ, வாயில்லா சீவன். இந்தா, இந்த எண்ணெயப் போட்டுவுடு. இல்லடா, உனக்குப் பதம் தெரியாது. குள்ளம்மா, நீயே போயித் தேச்சுவுடு. மாது, ரெண்டு நாளைக்கு அத வண்டியில கட்டாத."

குள்ளம்மாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள். மாட்டுக்குப் புது வைக்கோல் போட்டிருந்தது. கொழுத்த மாடு, கழுத்தில் வெண்கல மணி. பல்லைக் கடித்துக்கொண்டு அதன் காலடியில் குந்தி, நாகம்மாளுக்குத் தேய்த்த மாதிரியே மேலிருந்து கீழாகத் தேய்த்தாள். மாடு சுகமாகக் கண்ணை மூடியது. இந்த மாட்டின் மேல்கூடப் பொறாமை வந்துவிட்டதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பொறாமை போகவில்லை.

மாது பக்கத்திலேயே நின்றான். "கிண்ணத்துல ஒட்டுனதையும் வழிச்சுப் போடு ஆயா. அம்மா கேப்பாங்க."

வழித்துப் போட்டாள். எழப் பார்த்தாள். முட்டி விடவில்லை. பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லாமல் மாட்டின் காலையே பற்றினாள். எண்ணெய்க் கை வழுக்கியது. மறுபடியும் இறுக்கிப் பிடித்தாள்.

"பாரம் போடாத ஆயா," என்று மாது அவள் கையை எடுத்துவிட்டான். "அதுக்கு வலிக்கும்."