சமையலறையில் கேட்ட பிரெஞ்சு

மதுரையில் நாங்கள் பதினொரு குடும்பங்கள். காரைக்காலிலிருந்து தொழிலுக்காக வந்து தங்கிவிட்ட பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர்கள். மாதம் ஒரு ஞாயிறு தல்லாகுளத்தில் என் வீட்டு மாடியில் கூடுவோம். சங்கச் செயலாளர் நான், சிஹாபுதீன். மாடியில் பிரெஞ்சு மட்டும்தான், அதுவும் பிழையில்லாமல் என்பது நான் போட்ட சட்டம். யார் வாய் திறந்தாலும் பாதியில் நிறுத்தித் திருத்துவேன். படித்த வீட்டுப் பிள்ளை என்ற திமிர், வேறென்ன?

போன ஞாயிறு பாண்டிச்சேரி பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். இங்கே மொழி உயிரோடு இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வருவார்.

எங்கள் சங்கத்துச் சிராஜின் மனைவி ஜஸீலா எட்டு வருடம் பாரிஸில் ஓட்டலில் பாத்திரம் கழுவியவள். அவள் பேசுவது தெருப் பிரெஞ்சு. மானம் போய்விடுமே என்று காலையிலேயே அவளை ஓரங்கட்டினேன்.

"நீ கீழ சமையலப் பாரும்மா. மாடிக்கு வர வேணாம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "சரிண்ணே" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மாடியில் அந்த அம்மாள் ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுத்தார். இஜாஸ் தலையை ஆட்டினான். லத்தீபா சும்மா சிரித்தாள். பதில் சொல்லுமுன் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே நான் திருத்திவிடுவேனோ என்ற பயம்.

அப்போது கீழேயிருந்து பிள்ளைகளின் கூச்சல், முழுக்கப் பிரெஞ்சில். அம்மாள் எழுந்து படியிறங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

ஜஸீலா நெய்ச்சோறு கிண்டிக்கொண்டே பாரிஸ் முதலாளி திட்டிய கதையைச் சொல்ல, என்னிடம் ஒரு வரிகூட பிரெஞ்சு பேசாத என் மகள் ஷிபா, அந்த ஆளைப் போலவே நடித்து, ஆயிரம் பிழையோடு பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம், திருத்த வாயெடுத்தேன். என்னைக் கண்டதும் பிள்ளைகள் கப்சிப்.

"இவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது?" என்று பிரெஞ்சில் கேட்டார் அம்மாள்.

ஜஸீலா கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் காட்டிப் பிரெஞ்சிலேயே சொன்னாள். "இந்த அண்ணன்தான். இவர் இல்லாவிட்டால் எங்களுக்குள் இந்த மொழியே இருக்காது."

முழுப் பொய். அதில் திருத்துவதற்கு ஒரு பிழைகூட இல்லை.

அம்மாள், என்னைக் கண்டு ஒடுங்கி நின்ற பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "ஆசிரியர் வருவார்" என்றார். என்னிடம் அல்ல, ஜஸீலாவிடம்.

வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. "மாடிக்கு வாம்மா" என்றேன், தமிழில்.

"சோறு அடிப்பிடிச்சிரும்ணே. நீங்க போங்க."