பதினெட்டாம் எண் பூசைப்பாட்டில் தம்பிக்கு வேலையில்லை

1

கண்ணுகளா, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. மழைக்குக் கோயில் வாசலில் ஒதுங்கி நின்றபோது உள்ளேயிருந்து ஒரு குரல், "அப்போ நான் என்னக்கா பண்றது? மெழுகுவத்தி அணையாம காவல் காக்கவா?" என்றது. கிடைத்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கிரகோரியன் இசை பன்னெடுங்காலமாகத் திருச்சபையின்...'

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

2

அக்கா மருந்துக்கடை நடத்துகிறாள்; ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவின் தலைவி. தம்பி அதே குழுவில் கீபோர்டு வாசிப்பவன். புதிதாக வந்த பங்குச்சாமியார் ஒரு தடித்த புத்தகத்தை மருந்துக்கடை மேசைமேல் வைத்தார். உள்ளே பழைய கிரகோரியன் பூசைப்பாட்டுகள், லத்தீனில், தொகுதி தொகுதியாக, எண் போட்டு.

"தவக்காலத்துல ஆரம்பிப்போம். வாத்தியம் வேண்டாம், கொரல் மட்டும். எந்த எண்ணுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா."

மருந்து எடுத்துக் கொடுப்பதைப் போலத்தான் அவள் தேர்ந்தெடுத்தாள். எட்டாம் எண் தித்திப்பு. ஆனால் ஒரு சொல்லை இழுத்து முடிப்பதற்குள் பாதிச் சபைக்கு மூச்சு முட்டிவிடும். பதினெட்டு, பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சொட்டு மருந்து. சின்னச் சின்ன மெட்டு, பேசுகிற மாதிரி. வீட்டில் முணுமுணுத்துப் பார்த்தாள். பிடித்துப்போயிற்று. வம்பே அதுதான்.

(இங்கே சாமியாரை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வேலைக்கு லாயக்கில்லை.)

3

மனைவி இறந்தபிறகு தம்பி வீட்டைவிட்டு வெளியே வருவதே இந்தக் கீபோர்டுக்காகத்தான். சட்டையைத் தேய்ப்பதும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இதையும் பிடுங்கினால் கதவைச் சாத்திக்கொள்வான். அக்காவுக்குத் தெரியாதா?

"நீயும் எங்களோட பாடேன்டா."

"என் கொரலுக்கா? கழுதை சம்பந்தம் பேச வந்துரும்."

"தவக்காலம் மட்டுந்தானே, ஈஸ்டர் வரைக்கும் நாப்பது நாளு."

"அதுக்குள்ள சனங்க என்னை மறந்துருவாங்கக்கா."

அதற்கு அவள்

[மூன்று பதில் எழுதினேன். மூன்றையும் அடித்துவிட்டேன். அவள் புத்தகத்தில் பதினெட்டாம் எண்ணுக்கு அடையாளச் சீட்டு வைத்தாள்.]

4

ஞாயிறு. தம்பி வந்துவிட்டான். உறை போட்ட கீபோர்டுக்குப் பக்கத்தில், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அக்கா பாடினாள்: "கீரியே எலேயிசோன்."*

உடனே சபை அதைத் திருப்பிப் பாட வேண்டும். பூசைக்கு முன்னால் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருடமாக ஒவ்வொரு அடிக்கும் நடுவே தம்பியின் கீபோர்டு ஊரைச் சுற்றிவிட்டு வரும். அந்த நேரத்தில்தான் இவர்கள் பிள்ளையைக் கிள்ளுவார்கள், கண்ணாடியைத் துடைப்பார்கள். இப்போதும் கிள்ளினார்கள், துடைத்தார்கள். வராத இசைக்கு இடம் விட்டுக் காத்திருந்தார்கள். அவன் வாசித்திருந்தால் எங்கே முடித்திருப்பானோ, சரியாக அங்கே, அத்தனை பேரும் ஒன்றாகப் பாடினார்கள்.

"கீரியே எலேயிசோன்."

சாமியார் திரும்பிப் பார்த்தார். முன்வரிசைக் கிழவர் பக்கத்திலிருந்தவரிடம், "இன்னிக்குத் தம்பி ரொம்பச் சன்னமா வாசிக்கிறாப்ல" என்றார்.

* 'ஆண்டவரே, இரக்கம் வையும்' என்று பொருள். கிரேக்கமாம். லத்தீன் புத்தகத்துக்குள் அது எப்படி நுழைந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

5

முடிவு ஒன்று: தம்பி உறையை எடுத்துவிட்டு வாசிக்கிறான். கூடாது; அக்கா பாவம்.

முடிவு இரண்டு: தம்பி தேவதூதனைப்போலப் பாடுகிறான். அடப் போங்கள்.

முடிவு மூன்று: எழுந்து போய்விடுகிறான். அவன் வாசற்படி வரை போய்விட்டான். நான்தான் இழுத்துவந்து உட்காரவைத்தேன்.

ஆகவே இவ்வளவுதான் என்னால் முடிந்தது: அக்கா அடுத்த அடியைப் பாடிவிட்டாள், "கிறிஸ்தே எலேயிசோன்." மறுபடி அதே மௌனம். தம்பி தலை குனிந்திருக்கிறான், தோள் குலுங்குகிறது. சிரிக்கிறானா, அழுகிறானா, அவள் நிற்கிற இடத்திலிருந்து தெரியவில்லை. சபையைப் பாட அழைக்க அவள் கையைத் தூக்கிவிட்டாள். புத்தகப்படி என்றால் இப்போதே கையை இறக்கிப் பாடவைக்க வேண்டும். சனங்கள் கணக்குப்படி என்றால் அவன் வாசித்து முடிக்கட்டும்.

தூக்கிய கை வலிக்கும், கண்ணுகளா. சீக்கிரம் ஒன்று சொல்லுங்கள்.