தனியாகச் சொன்ன ‘சரி’

அறுவை அரங்கில் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் மருத்துவர் ஒரே சொல்லைக் கேட்பார்: “எண்ணிக்கை?” உள்ளே வைத்த பஞ்சுத்துணிகள் அத்தனையும் வெளியே வந்துவிட்டனவென்றால், தலைமைத் தாதி “சரி” என்பாள். இருவர் எண்ண வேண்டும் என்பது விதி. இவளோ இருபது ஆண்டுகளாகத் தனியாகவே எண்ணினாள். உடன் எண்ண வேண்டிய மூத்த பணிப்பெண் உதடசைத்து மெதுவாக எண்ணுவாள். அதனால் அவளுக்கு ‘ஆமையக்கா’ என்று பெயர். அவள் எண்ணி முடிப்பதற்குள் தையலே ஆறிவிடும் என்று இவளே சொல்லிச் சிரித்ததுண்டு.

போன ஆண்டு இவள் சொன்ன ஒரு “சரி” பொய்யாயிற்று. மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி வயிற்றில் ஒரு துணியோடு வீடு திரும்பி, பதினோராம் நாள் இறந்தாள். விசாரணை எச்சரித்து விட்டுவிட்டது. அந்தச் சொல் விடவில்லை. தொட்டியில் கைகழுவும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால், தன் குரலிலேயே “சரி” என்று கேட்கும். திரும்பினால் வெறும் சுவர்.

அதன் பின்பும் ஆமையக்கா எண்ணாமல், எண்ணிக்கைத் தாளில் கையெழுத்து மட்டுமே இட்டாள். “ஆண்டவரே, இந்தக் குரலை எடுத்துவிடும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பதே இவளுடைய அன்றாட ஜெபம்.

இன்று மேசையில் கிடந்தவர் ஒரு தபால்காரர். வைத்த துணிகள் இருபது. எண்ணினாள், இருபது.

“எண்ணிக்கை?”

இவள் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து “சரி” என்று கேட்டது. கண் மறுபடி துணிகளுக்குப் போனது.

“என்ன சிஸ்டர், வாயிலயும் தையல் போட்டாச்சா?” என்றார் மருத்துவர்.

ஆண்டவரே, என்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை; நீரே பாரும். இவ்வளவுதான் உள்ளே எழுந்தது. பிறகு திரும்பி, “அக்கா, நீங்க எண்ணுங்க. நான் எண்ணினதுல எனக்கே நம்பிக்கை இல்ல” என்றாள்.

ஆமையக்கா ஒவ்வொரு துணியையும் விரித்தாள். உதடுகள் அசைந்தன, ஓரிடத்தில் நின்றன.

“இது ரெண்டும் ஒண்ணும்மா. கிழிஞ்சிருக்கு. பத்தொம்பதுதான்.”

மருத்துவர் ஊசியைக் கீழே வைத்தார். கல்லீரலுக்கு அடியிலிருந்து இருபதாவது துணி வந்தது. மறுபடியும் கேட்டார்.

“ரெண்டு பேரும் எண்ணினோம். சரி.”

தொட்டியில் தண்ணீர் விழுந்தது. குரலும் வந்தது. அதை எடுத்துவிடும்படி இன்று இவள் கேட்கவில்லை. நாளைக்கும் நீரே பாரும் என்று மட்டும் சொல்லிக் குழாயை மூடினாள்.

குரல் நிற்கவில்லை.