மூன்று மூச்சில் ஒரு வசவு

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண்ணெதிரே நிற்கிற மனிதனை நம்பத் தெரியாது. கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நலமா என்று கேட்பார்கள். என் மகனே அப்படித்தான். மாடியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான், கடிகாரத்தைத் தட்டிப் பார்த்து, "ஓகேப்பா, நார்மல்தான்" என்பான். உன் மூச்சு உனக்குத் தெரியாதாடா? பொய் சொல்லவும் இப்போது யாருக்கும் கூச்சமில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொல்கிறார்கள். என் மனைவியின் தம்பி அப்படிச் சொன்னவன். அவன் சட்டையைப் பிடித்து நாலு பேர் முன்னால் கேட்பதற்காகத்தான் நான் மறுபடி நடக்கப் பழகினேன். பேரன் பேத்தியைப் பார்க்கணும், கோயில் குளம் போகணும் என்றெல்லாம் ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தச் சட்டைக் காலர் போதும்.

நான் இருபத்தெட்டு வருடம் பாய்லர் ஓட்டியவன். ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற சலவை ஆலை. கீழே மெஷின்கள். இருபத்திரண்டு இரும்புப் படி ஏறினால் பாய்லர் மேடை. நான் அனுப்புகிற நீராவி இல்லாமல் கீழே ஒரு தலையணை உறைகூடக் காயாது. அதனால் ஆலையில் எனக்குப் பெயரே 'ஆவி'தான். வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த மச்சினனைக் கூட்டிவந்து உதவியாளாகச் சேர்த்துவிட்டதும் நான்தான். ஏழு வருடம் கூடவே வைத்துக் கற்றுக்கொடுத்தேன்.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் ஞாபகம். கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். இடது கை யாரோ பக்கத்தில் மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. பக்கவாதம் என்றார்கள். மூன்று வாரம் கழித்து ஆலையிலிருந்து கடிதம் வந்தது. வேலை நேரத்தில் தூங்கினேனாம், அதனால் வேலை இல்லையாம். மகன் போய் மேனேஜரிடம் சண்டை போட்டான். அவர் சாவகாசமாகச் சொன்னாராம்: "உங்க மாமாதானப்பா சொன்னாரு, தூங்குறாருன்னு. தூக்கத்துல வந்திருக்கும் அது. நான் என்ன செய்ய?"

நான் விழுந்த மறுநாளே என் நாற்காலியில் உட்கார்ந்தவன் யார்? அவன்தான்.

"என் தம்பி அப்படியெல்லாம் சொல்ற ஆள் இல்ல" என்றாள் என் மனைவி.

"அப்ப நான் தூங்கினேனா?"

"நீங்க தூங்கவே மாட்டீங்களாக்கும்? டிவிய போட்டா அடுத்த நிமிஷம் கொறட்டை. ரிமோட்ட வாங்கினா மட்டும் முழிச்சுக்குவீங்க."

அவளோடு அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை. மனதுக்குள் ஒரே கணக்கு. இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் கூடி நிற்கிற நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். யார் தோளும் இல்லாமல் இருபத்திரண்டு படி ஏற வேண்டும். அவன் காலரைப் பிடிக்க வேண்டும். தூக்கிக்கொண்டுவந்து இறக்கினால் அது பழிவாங்கல் இல்லை, பரிதாபம்.

தடியோடு பத்தடி நடக்க ஆரம்பித்ததும் என்னை உடற்பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பிசியோ பெண். என் மகளை விடச் சின்னவள். இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, மேலேயிருந்து தொங்குகிற கொக்கியில் மாட்டி, ஓடுகிற பட்டை மேல் ஏற்றிவிட்டாள். எதிர்ச் சுவரில் ஒரு அட்டை. ஆறிலிருந்து இருபது வரை எண்கள்.

"ஐயா, எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு இதுல பாத்து ஒரு நம்பர் சொல்லணும். ஆறுன்னா சும்மா உக்காந்திருக்கிற மாதிரி. இருபதுன்னா இதுக்கு மேல முடியவே முடியாது. பதினொண்ணுக்கும் பதினாலுக்கும் நடுவுல உங்கள வச்சுக்கணும். அதுக்குக் கீழ இருந்தா நெஞ்சுக்கும் மூளைக்கும் பெரிசா பிரயோஜனம் இல்ல. மேல போனா ஆபத்து."

"என்கிட்ட ஏம்மா கேக்கற? அதான் விரல்ல நாடி பாக்கற மெஷின் ஒண்ணு மாட்டியிருக்கியே, அதைக் கேளு."

"அதை முழுசா நம்ப முடியாது. நீங்க சாப்பிடுற மாத்திரை ஒண்ணு, இதயம் வேகமா அடிக்காம பிடிச்சு வச்சிருக்கு. உங்களுக்கு மூச்சு முட்டினாலும் இது கம்மியாத்தான் காட்டும். நீங்க சொல்ற நம்பர்தான் எனக்கு முக்கியம்."

எண் கேட்கிறவன் எவனும் என் நல்லதுக்குக் கேட்டதில்லை. வயது கேட்டார்கள், சம்பள உயர்வை நிறுத்தினார்கள். எத்தனை பிள்ளை என்று கேட்டார்கள், லீவைக் குறைத்தார்கள். இவள் மட்டும் எதற்குக் கேட்கிறாள்? கூட்டிச் சொன்னால் ஆள் தேறமாட்டான் என்று எழுதிவிடுவாள். குறைத்துச் சொன்னால் வேகத்தைக் கூட்டுவாள், மச்சினன் காலர் சீக்கிரம் கைக்கு வரும். முடிவு செய்துவிட்டேன்.

"எத்தனை ஐயா?"

"ஒம்பது."

"ஒம்பதா? நெத்தியெல்லாம் வேர்க்குதே?"

"பாய்லர் பக்கத்துல நின்ன உடம்பு. வேர்க்கத்தான் செய்யும்."

அவள் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினாள். பட்டை வேகம் பிடித்தது. நிஜத்தில் அப்போதே எனக்குப் பதினேழு. பத்து நாள் அப்படியே ஓட்டினேன். நான் ஒன்பது என்பேன், அவள் கூட்டுவாள். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடக்கூட முடியாமல் கட்டிலில் விழுவேன். பதினோராம் நாள் சுவர் அட்டையிலிருந்த எண்களெல்லாம் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தன. கால் எங்கே போனது என்று தெரியவில்லை. கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தேன், கசாப்புக் கடையில் தொங்குவது போல. டாக்டர் ஓடிவந்தார், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். ஒரு வாரம் பயிற்சி கிடையாது என்றார்கள்.

திரும்பிப் போனபோது அவள் என்னைப் பட்டையில் ஏற்றவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"பாய்லர்ல முள்ளு சிவப்புல நிக்குது. மேனேஜர் கேக்கறாரு. நார்மல்னு சொல்வீங்களா?"

இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். அதை அவளிடம் எதற்குச் சொல்ல?

"இனிமே உங்க நம்பரும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள். "நடந்துக்கிட்டே பேசணும். பேச்சுல பொய் சொல்லலாம், மூச்சுல சொல்ல முடியாது. ஏதாவது பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"பாட்டு தெரியுமா?"

"பாட்டா? என் மூஞ்சியப் பாத்தா பாடுற மூஞ்சி மாதிரியா இருக்கு?"

"அப்ப திட்டத் தெரியுமா?"

அதைக் கேட்க வேண்டுமா? பட்டை மெதுவாக ஓடியது. நான் ஆரம்பித்தேன்.

"நான் கூட்டிட்டு வந்து சேத்துவிட்ட பய என் நாற்காலியிலயே உக்காந்து என் டம்ளர்லயே டீ குடிச்சுக்கிட்டு என்னையே தூங்குமூஞ்சின்னு சொல்லியிருக்கான் பாரு, அவன் நாக்கு அழுகிப்போக!"

பக்கத்து மெஷினில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த பெரியவர் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஒரே மூச்சுல வந்துடுச்சு" என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "அப்ப இது லேசு." வேகத்தைக் கூட்டினாள். "மறுபடி."

"நான் கூட்டிட்டு வந்து... என் நாற்காலியில... அவன் நாக்கு..."

"மூணு மூச்சு. இதான் வேணும். இங்கேயே நிக்கட்டும்."

இன்னொரு நாள் சோதித்துப் பார்த்தாள். "நா... நாயி..." என்பதோடு நின்றுவிட்டேன். உடனே குறைத்துவிட்டாள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் அளவு. மூன்று நிமிடம் வசவு மூன்று மூச்சாகிற வேகம், மூன்று நிமிடம் மெதுவாக நடை, மறுபடி வேகம். வாரத்தில் மூன்று நாள். என் உடம்பு தேறத் தேற, பழைய வேகத்தில் வசவு ஒரே மூச்சில் வந்துவிடும். அவள் இன்னும் கொஞ்சம் கூட்டுவாள், பட்டையை மேட்டு வாக்கில் தூக்குவாள். வசவு போதவில்லை. புதிது புதிதாக யோசித்துக்கொண்டு போவேன். சைக்கிள் பெரியவர் காத்திருந்து கேட்பார். "நேத்து சொன்னது இன்னும் நல்லாருந்துச்சு" என்று ஒரு நாள் அபிப்பிராயமும் சொன்னார்.

"அந்த ஆள் யாரு ஐயா?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

"மச்சினன்."

"போய் அடிக்கிற எண்ணம் இருந்தா சொல்லிடுங்க. பெல்ட்ட கழட்டி வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"சும்மா பேசத்தான்" என்றேன். நம்பியிருக்க மாட்டாள். ஆனால் பட்டை நிற்கவில்லை.

நாலாவது மாதம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் இருபத்திரண்டு படி நிற்காமல் ஏறினேன். மறுநாள் மதியம், ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்கு ஆலை வாசலில் போய் நின்றேன். மனைவியிடம் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை.

வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டான். "ஐயோ! ஆவி!"

"ஆவியேதான்டா. உசுரோட வந்திருக்கேன், வழி விடு."

உள்ளே போர்வை மடிக்கிற பெண்கள் கையிலிருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. வலது கையால் கம்பியைப் பிடித்தேன், நல்ல கால் முன்னே, மற்றது பின்னே. எட்டாம் படியில் நெற்றி வேர்த்தது. பன்னிரண்டில் கீழேயிருந்து ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது: "ஆவி மேல போகுதுடி. அதானே அதோட குணம்." சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், மூச்சை வீணாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அவன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். கையில் டீ.

"மாமா! நீங்களா ஏறி வந்தீங்க? மொதல்ல உக்காருங்க மாமா."

"என் நாற்காலியில... உக்காரச் சொல்ல... நீ யாருடா?"

மூன்று மூச்சு. கம்பியை விட்டுவிட்டு டம்ளரைத் தட்டிவிட்டேன். அதே வலது கையால் காலரைப் பிடித்தேன். நாலு மாதமாகக் கனவு கண்ட காலர், நல்ல அழுக்கு. கீழே அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"தூங்கினேனா நான்? சொல்லுடா... எல்லார் முன்னாடியும் சொல்லு."

"தூங்குறீங்கன்னுதான் மாமா நெனச்சேன்! நான் சேந்த அன்னைக்கே நீங்கதானே சொன்னீங்க? 'நான் கண்ண மூடியிருந்தா எழுப்பாத, பம்ப்பு சத்தத்த கேட்டுக்கிட்டிருப்பேன்'னு. ஒரு தடவ எழுப்பினதுக்குக் கன்னத்துல அறை வாங்கினேனே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. கண்ணை மூடினால்தான் பம்ப் ஓசையில் ஒரு சின்னப் பிசிறும் தெரியும். சொன்னேன். அறைந்தேன்.

"எவ்வளவு நேரம்?" என்றேன்.

"எது மாமா?"

"எவ்வளவு நேரம்டா எழுப்பாம வச்சிருந்த?"

அவன் கீழே நின்றவர்களைப் பார்த்தான். "ஒரு மணி நேரம் இருக்கும். கொறட்டை விட்டீங்க. பாவம், தூங்கட்டும்னு நானே தண்ணி, தீ எல்லாம் பாத்துக்கிட்டேன். மேனேஜர் வந்து கேட்டாரு, தூங்குறாருன்னேன். அப்புறம் எழுப்பினப்பதான் வாய் கோணியிருந்துச்சு..."

ஒரு மணி நேரம். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் அடைப்பைக் கரைக்க மருந்து போட்டிருக்கலாம், கை பிழைத்திருக்கும் என்று டாக்டர் என் மகனிடம் சொன்னது எனக்குத் தெரியும்.

"பக்கவாதம்னு அன்னைக்கே தெரிஞ்சுதில்ல? அப்ப போய் மேனேஜர்ட்ட மாத்திச் சொன்னியா?"

அவன் உருண்டு கிடந்த டம்ளரைக் காலால் நிமிர்த்தப் பார்த்தான்.

"கேக்கறேன்ல?"

"உங்க வேலைய எனக்குக் குடுத்துட்டாங்க மாமா. ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன்..."

அடித்தேன். வலது கை காலரில் இருந்ததால் இடது கையை வீசினேன். அது ஈரத்துணி மாதிரி போய் அவன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு கீழே வழிந்தது. அடியா தடவலா என்று எனக்கே தெரியவில்லை. கீழே யாரும் சிரிக்கவில்லை. அவன் கன்னத்தைத் திருப்பவும் இல்லை.

பிறகு கம்பிப் பக்கம் திரும்பிக் கத்தினான். "எல்லாரும் கேட்டுக்கங்க! மாமா தூங்கல. அது பக்கவாதம். நான்தான் தப்பா சொன்னேன், அப்புறம் வாய மூடிக்கிட்டேன். இன்னைக்கே மேனேஜர்ட்ட எழுதிக் குடுத்துடறேன்."

அவன் கண்ணில் தண்ணீர். பாய்லர் சூட்டில் எவனுக்கும் வரும்.

நான் கேட்க வந்ததை அவன் சொல்லிவிட்டான். எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. மடிக்கிற பெண்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அது போதவில்லை.

"வாங்க மாமா, பிடிச்சுக்கறேன்" என்று தோளைத் தொட வந்தான்.

"கை வச்ச, தள்ளி விட்டுருவேன். நகரு."

ஏறுவதை விட இறங்குவது கஷ்டம். விழாத கால் எது, விழுந்த கால் எது என்று ஒவ்வொரு படியிலும் யோசித்து வைக்க வேண்டியிருந்தது. அவன் மேலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தேன். லாரிகள் போயின. எழுப்பாதே என்று நான் சொன்னது நிஜம். ஆனால் ஒரு மணி நேரம் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவன், வாய் கோணியதை எழுப்பிய பிறகுதான் பார்த்தானாம். இதை என் மனைவி நம்புவாள். மேனேஜர் நம்புவார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.